வெத்தாகொல்லன் குன்றில் ஒரு ஞாயிறு: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நிகழ்வில் எவரும் இறக்கவில்லை. மீட்புப் படையோ உலங்குவானூர்தியோ வரவும் இல்லை. அறுபத்தெட்டு வயதான ஒருவருடைய வலது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு விழுந்தது, அரை மணி நேரத்துக்கு மேலாக அவர் தாம் எங்கே இருக்கிறார் என்பதை அறியாமல் வெண்பனியின் மேல் அமர்ந்திருந்தார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அப்போது அவரைச் சுற்றி நின்ற மூவரில் நானும் ஒருவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரச மருத்துவமனைகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான். ஆயிரம் பேருடைய குளிசைத் துண்டுகளை வாசித்த எனக்கு அது கடைசியாகத்தான் விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெண்பனி நடையைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். மலை என்ற பெயரில் எங்களிடம் இருப்பது கீரிமலை; அதன் உயரத்தை நோர்வேக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆயினும் கலியாணம், பிள்ளைப்பேறு, புதுமனை என்று கார்த்திகை மார்கழியில் இங்கிருந்து விமானம் ஏறும் தாய் தகப்பன்மார் குறைவில்லை. போன இடத்தில் பிள்ளைகள் அவர்களுக்கு முதலில் காட்ட விரும்புவது வெண்பனி. போகிறவர்களுடைய கைப்பைக்குள் அழுத்தக் குளிசையும் சீனிக் குளிசையும் இருக்கும். எங்களுக்கு நடந்தது அவர்களில் எவருக்கும் நடக்கக்கூடியது என்பதாலேயே இதை முழுமையாக எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. மார்கழி விடியலில் வாழையிலையில் நிற்கும் நீரையும் பனி என்கிறோம். வானத்தில் இருந்து பஞ்சாக விழுவதையும் பனி என்கிறோம். குளிர்பெட்டியில் இறுகிக் கிடப்பதையும் பனிக்கட்டி என்கிறோம். இந்த நிகழ்வில் விபத்து விழுந்த இடம் துல்லியமாக இந்தச் சொற்களுக்கு இடையில்தான் இருக்கிறது. ஆகவே விழுவதை வெண்பனி என்றும், நிலத்தில் உறைந்து வழுக்குவதை ஐஸ் என்றும் எழுதுகிறேன்.

நேரங்களை நினைவில் இருந்து எழுதவில்லை. கைத்தொலைபேசிப் படங்களின் நேரப் பதிவு, அழைப்புப் பட்டியல், அவசர சிகிச்சை நிலையம் தந்த கடிதம் ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டேன்.

நால்வரும் குன்றும்

சென்றவர்கள் நால்வர். என் தம்பி, 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போல நோர்வேயின் மக்கள் உயர்பள்ளி ஒன்றில் மாணவனாகச் சேர்ந்து, பிறகு ஒஸ்லோவிலேயே தங்கிவிட்டவன். அவனுடைய மகள், பத்தொன்பது வயது, அங்கேயே பிறந்தவள், எனக்குப் பெறாமகள். எங்கள் அக்காவின் கணவர், எங்கள் இருவருக்கும் அத்தான், குழுவில் மூத்தவர். நான்காவது ஆள் நான். தம்பியின் மூத்த மகனுடைய கலியாணத்துக்காக நாங்கள் போய் இறங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

வெத்தாகொல்லன் என்பது ஒஸ்லோ நகரின் வடக்கு எல்லைக் காட்டில் உள்ள ஒரு குன்று. உயரம் 419 மீற்றர். நகரின் முதலாம் இலக்க ரயில் அதன் அடிவாரத்தில் உள்ள அதே பெயர் கொண்ட நிலையம் வரையே கொண்டுபோய் விடுகிறது; அங்கிருந்து ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ இருநூறு மீற்றர், நடக்க வேண்டிய தூரம் இரண்டு கிலோமீற்றருக்கு உட்பட்டது. மரங்களில் நீல நிற அடையாளம் தீட்டியிருப்பார்கள். அந்தக் காடுகளில் நீலம் நடைபாதைக்கு, சிவப்பு பனிச்சறுக்குத் தடத்துக்கு. உச்சியில் நின்றால் நகரமும் கடல்நுழைவும் விரித்த பாயில் வைத்ததுபோலத் தெரியும். கோடையில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மக்கள் ஏறும் இடம் அது. தம்பி எங்களிடம் "நாப்பது நிமிசம்" என்று சொன்னபோது பொய் சொல்லவில்லை. 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்குப்படி, ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரமும் ஏற்றத்தில் அறுநூறு மீற்றருக்கு இன்னொரு மணி நேரமும் சேர்த்தால், நாற்பத்து நான்கு நிமிடம் வரும். நாங்கள் எடுத்தது எழுபத்தைந்து நிமிடம்.

வேறுபாட்டுக்குக் காரணம் பாதையின் நிலை. நவம்பர் கடைசி வாரம் அது. அதற்கு முந்திய நாட்களில் மழை பெய்து, பாறைத் தட்டுகளின் மேல் நீர் கசிந்து, இரவில் உறைந்து, அதன்மேல் ஒரு சாண் வெண்பனி விழுந்திருந்தது. நடு மாரியில், சனவரி மாசியில், இதே பாதை ஆயிரம் கால்கள் மிதித்து இறுகி, வழுக்கும் இடம் எது என்பதைப் பார்த்தவுடனே காட்டிவிடும் என்று தம்பி பிறகு சொன்னான். தொடக்க மாரியில் அப்படி இல்லை. புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அது போர்வைபோல நிலத்தின் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் கீழே உள்ள ஐஸ் காய்ந்து கரடாகாமல் ஈரமாகவே கிடக்கிறது. மேலே பார்த்தால் பஞ்சு மெத்தை. கீழே எண்ணெய் பூசிய தட்டு. மரவேர், உதிர்ந்த இலை, கல், ஐஸ் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும்போது, வாழ்நாள் முழுவதும் செம்மண்ணிலும் சுண்ணாம்புக்கல் ஒழுங்கையிலும் நடந்த காலுக்கு எதை நம்புவது என்று தெரியாது.

காலணி விடயத்தில் எங்கள் கவனக்குறைவை மறைக்க முடியாது. சப்பாத்தில் மாட்டும் இரும்பு முட்கள், அங்கே புரொட்டர் என்பார்கள், வீட்டில் ஒரே ஒரு சோடிதான் இருந்தது. அதைப் பெறாமகள் அணிந்திருந்தாள். எனக்குத் தம்பியின் பழைய சப்பாத்து, ஓர் அளவு பெரிது, இரண்டு சோடி மேசுடன். அத்தான் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணம் பெரியகடையில் வாங்கிய தோல் சப்பாத்தோடு வந்தார். அதன் அடி பளிங்குபோல மழமழப்பானது. உள்ளே பருத்தி பெனியன். ஏறும்போது வியர்த்தால் பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடலோடு ஒட்டிக் கிடக்கும், கம்பளி அப்படிச் செய்யாது. இதைத் தம்பி அறிவான். கேட்க வெட்கப்பட்டான், மூத்தவரிடம் "உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறியள்" என்று எப்படிக் கேட்பது?

நடந்தது

காலையில் அத்தான் எழும்பியவுடன், எட்டு மணிக்கு, கிளிக்கிளசைட் என்னும் சீனிக் குளிசை ஒன்றும் அற்றெனொலோல் என்னும் அழுத்தக் குளிசை ஒன்றும் எடுத்து, பாண் இரண்டு துண்டு சாப்பிட்டார். மதியச் சாப்பாடு திரும்பி வந்த பிறகு என்று தீர்மானிக்கப்பட்டது. அக்காவும் தம்பியின் மனைவியும் ஆட்டுக்கறியை அடுப்பில் வைத்திருந்தார்கள். அத்தானுடைய கைக்கடிகாரம் இன்னும் யாழ்ப்பாண நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாரியில் நோர்வே எங்களுக்கு நான்கரை மணி நேரம் பின்னால். வெளிக்கிட முன், ஒஸ்லோவில் பன்னிரண்டரைக்கு, அவருடைய கடிகாரம் மாலை ஐந்து காட்டியது. மாலைக் குளிசையின் நேரம் அது. மலையில் மறந்துபோவேன் என்று சொல்லி ஒரு மிடறு தண்ணீருடன் அதையும் விழுங்கினார். நான் பக்கத்தில் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் விழுங்குவதைக் கண்டேன். மருந்தகத்தின் ஜன்னலுக்குள் இருந்து பார்த்திருந்தால் "ஐயா, சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருப்பேன். ஜன்னல் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை.

13:05க்கு நிலையத்தில் இருந்து நடக்கத் தொடங்கினோம். கடைசி வீட்டைத் தாண்டிய பத்தாவது நிமிடத்தில் காடு தொடங்கியது. முதற் கால்மணி நேரம் சிறுபிள்ளைகள் போல இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: அத்தான் கையால் வெண்பனியை அள்ளி முகர்ந்து பார்த்தார், "மணம் ஒண்டுமில்லை" என்றார். பிறகு பேச்சுக் குறைந்தது. 14:07இல் நடந்த ஒன்றை இந்த ஆய்வின் முதல் வரைவு எழுதும்வரை நான் அறிந்திருக்கவில்லை; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

14:20க்கு உச்சி. அங்கே காற்று இருந்தது. வெப்பநிலை ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குறையும்; கீழே கடல்மட்டத்தில் கழித்தல் ஒன்று என்றால் உச்சியில் கழித்தல் மூன்று. காற்று அதைவிடப் பெரிய வித்தியாசம் செய்கிறது: கழித்தல் ஐந்து பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது கழித்தல் பதின்மூன்று பாகையின் குளிர். படம் எடுக்கக் கையுறையைக் கழற்றினோம். என்னுடைய கைத்தொலைபேசியில் நாற்பது வீதம் மின்கலம் இருந்தது, மூன்றாவது படத்தோடு அணைந்துவிட்டது. நான் நடுங்கினேன், தம்பியும் நடுங்கினான். அத்தான் நடுங்கவில்லை. தம்பி அதைப் பார்த்து "அத்தானுக்குக் குளிரே இல்லை, எங்களைவிட ஸ்ரோங்" என்றான். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு 14:31 படத்தில் இருக்கிறது. அதில் அத்தான் மட்டும் படம் எடுப்பவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்.

14:40க்கு இறங்கத் தொடங்கினோம். 14:55இல் அத்தான் முதல் தடவை வழுக்கி இருந்தார்; எழும்பினார். 15:04இல் ஒரு பாறைத் தட்டில் மறுபடி வழுக்கியபோது வலக்கையை நீட்டி ஊன்றினார். எழும்பவில்லை. "கொஞ்சம் இருந்திட்டுப் போவம்" என்றார். இருந்தார். தம்பி தூக்கப் பார்த்தான். "விடு தம்பி, பஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தோம். இரண்டாவது தடவையும் அதே குரலில், அதே கேள்வி. கை வலிக்கிறதா என்று கேட்டதற்கு வலிக்கவில்லை என்றார்.

சூரியன் மறைய இருபது நிமிடமே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஒஸ்லோவில் நீண்ட பகல் பத்தொன்பது மணி நேரம், குறுகியது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மாலை மூன்றரைக்கு இருள்வது என்பதைச் செய்தியாக அறிந்திருந்தோம். காட்டுக்குள் நின்று அது இருளும்போது செய்தியாக இருக்கவில்லை.

குளிர் ஏறிவிட்டது என்பதே தம்பியும் நானும் எடுத்த முடிவு. நான் என் மேலங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினேன். 15:14க்குப் பெறாமகள், எவரையும் கேட்காமல், 113ஐ அழைத்தாள். அங்கே நோயாளர் வண்டிக்கான இலக்கம் அது. நோர்வே மொழியில் வேகமாகப் பேசினாள். பிறகு தொலைபேசியை வாயில் இருந்து எடுத்து என்னைப் பார்த்து, "பெரியப்பா, மாமாவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ எண்டு கேக்கினம்" என்றாள்.

நகரத்தில் எங்கோ ஒரு மேசைக்கு முன்னால் இருந்த, எங்களைக் கண்டிராத ஒருவருடைய கேள்வி அது. நான் கையுறையைக் கழற்றி அத்தானுடைய பிடரியில் கையை வைத்தேன். கழித்தல் மூன்று பாகையில், பத்து நிமிடம் அசையாமல் இருந்த மனிதனுடைய கழுத்து, தோய்ந்து வந்ததுபோல நனைந்திருந்தது.

பெறாமகளின் சட்டைப்பையில் க்விக் லுன்ஷ் என்னும் சொக்கிலேற் இருந்தது. அதை உடைத்து ஊட்டினோம். அவர் மென்றார், மறந்தார், மறுபடி மென்றார். 15:24க்கு, நாயோடும் தலைவிளக்கோடும் இறங்கி வந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். முதுகுப்பையில் இருந்து மடித்த நுரைப்பாய் ஒன்றை எடுத்து அத்தானுக்குக் கீழே தள்ளினார். இத்தனை நேரமும் அவர் வெண்பனியில் நேரே இருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பிறகு சுடுபோத்தலைத் திறந்து "சூல்பேர் டொடி" என்றார். பனந்தோப்பு நடுவில் வளர்ந்த எனக்கு டொடி என்றால் கள்ளு. அந்த நிலைமையிலும், சீனி இறங்கிய மனிதனுக்குக் கள்ளைக் கொடுக்கிறாளே என்று பதறி நான் கையை நீட்டித் தடுத்தேன். பெறாமகள் என் கையைப் பிடித்து இறக்கினாள். அது கருந்திராட்சை போன்ற ஒரு சிறுபழத்தின் இனிப்புப் பாகில் சுடுநீர் ஊற்றிய பானம்; குளிர்கால நடைக்கு அங்கே எல்லோரும் கொண்டுபோவது.

அத்தான் ஒரு குவளையும் பிறகு அரைக் குவளையும் குடித்தார். 15:38க்கு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "என்ன எல்லாரும் என்னையே பாக்கிறியள்?" என்றார். அடுத்த கணம் "ஐயோ, கை" என்றார். வலி திரும்பி வந்ததுதான் அவர் திரும்பி வந்ததன் முதல் உறுதியான அடையாளம்.

அந்தப் பெண்மணி முன்னால் வெளிச்சம் காட்ட, தம்பி ஒரு பக்கம் தாங்க, 16:30க்கு நிலையத்தை அடைந்தோம். அவசர சிகிச்சை நிலையத்தில் குருதிக் குளுக்கோசு 5.8 என்றார்கள், அவர்கள் மில்லிமோலில் சொல்வதை எங்கள் கணக்குக்குப் பதினெட்டால் பெருக்க வேண்டும், 104. மணிக்கட்டு எலும்பு இடம் விலகவில்லை. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

உடலுக்குள் நடந்தது

குன்றில் குளுக்கோசு அளக்கப்படவில்லை. ஆகவே இது சீனி இறக்கம் என்பது நிரூபிக்கப்பட்டதல்ல, உய்த்தறியப்பட்டது. சீனி இறக்கத்தை உறுதிசெய்ய விப்பிள் என்ற மருத்துவர் வகுத்த மூன்று நிபந்தனைகளில் குறிகள், குறைந்த அளவீடு, இனிப்புக் கொடுத்தவுடன் குறிகள் நீங்குதல் ஆகியவை அடங்கும். எங்களிடம் முதலாவதும் மூன்றாவதும் உண்டு, நடுவில் உள்ளது இல்லை. அளக்கும் கருவி கொண்டுபோயிருந்தாலும் பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே, ஏனெனில் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை பத்துப் பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்வதில்லை.

மாற்று விளக்கம் உடல் வெப்பநிலை வீழ்ச்சி. அதன் மென்மையான கட்டத்தில், 35 முதல் 32 பாகை வரை, மனிதன் கடுமையாக நடுங்குவான். நடுக்கம் நின்று புத்தி தடுமாறுவது அதற்குக் கீழே போன பிறகு. மேலங்கி அணிந்து இரண்டு மணி நேரம் நடந்த ஒருவர் அவ்வளவு கீழே போயிருக்க வாய்ப்பில்லை. ஒன்றரைக் குவளை இனிப்புப் பானம் கால்மணி நேரத்தில் அதைச் சரிசெய்யவும் மாட்டாது.

கிளிக்கிளசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு வந்ததா என்று அது கேட்பதில்லை. காலைக் குளிசையும், நான்கரை மணி நேரம் முன்கூட்டியே வந்த மாலைக் குளிசையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வயிற்றில் காலை எட்டு மணிப் பாண். தசைகள் வெண்பனியில் ஏறுவதற்காக வழமையைவிட அதிகமாகக் குளுக்கோசை இழுத்துக்கொண்டிருந்தன. இதில் எந்தக் கண்ணியும் அரியது அல்ல. நான் குறிப்பாகச் சொல்ல வேண்டியது மற்றக் குளிசையைப் பற்றி. அற்றெனொலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்து எடுப்பவருக்குச் சீனி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அந்த மருந்து மூடி மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. சீனி இறங்கினால் குளிருக்கு நடுங்கும் ஆற்றலும் மங்கும். உச்சியில் அத்தானைப் பலசாலியாகக் காட்டியவை இவைதான். வியர்வை இருந்தது, ஆனால் கழுத்துத் துண்டுக்கும் தொப்பிக்கும் கீழே இருந்தது. வெக்கையான நாட்டில் குளிர் வியர்வை நெற்றியில் தெரியும். குளிர் நாட்டில் அதற்கு மேல் நான்கு துணி.

சொக்கிலேற் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உள்ள கொழுப்பு, சீனி குருதிக்குள் ஏறுவதைத் தாமதமாக்கும். பழச்சாறு, குளுக்கோசுக் குளிசை, சீனி கரைத்த தேநீர் ஆகியவையே விரைவானவை. புத்தி தடுமாறியவருக்குத் திண்ம உணவு ஊட்டினால் புரையேறவும் கூடும்; எங்களுக்கு அது நேரவில்லை என்பது அதிர்ஷ்டம். வீட்டுச் சமையலறை மேசையில், நாங்களே யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுபோன இரண்டு பனங்கட்டிக் குட்டான்கள் அவிழ்க்கப்படாமல் கிடந்தன.

ஏன் திரும்பவில்லை

1967ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் நோர்வேயின் மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் சேர்ந்து மலை ஒழுங்கு விதிகளை நாடெங்கும் பரப்பின. 2016இல் அவை திருத்தப்பட்டன. ஒன்பது விதிகள். நான்காவது, குறுகிய நடை என்றாலும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாகப் போகச் சொல்கிறது. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. இவ்விதிகளை க்விக் லுன்ஷ் சொக்கிலேற் உறையின் உட்புறத்தில் அச்சிட்டிருப்பார்கள். அன்று இரவு மேலங்கிப் பையில் அந்தக் கசங்கிய உறை கிடந்தது. தம்பி அதை மேசையில் நீவி வைத்து எங்களுக்கு மொழிபெயர்த்தான்.

அடுத்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி வந்திருந்தபோது, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூவரும் இருந்து இதைப் பேசினோம். நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று நினைத்தீர்கள்?

அத்தான் சொன்னது: "ஸ்ரேசனிலையே. பத்து நிமிசத்திலை கால் நனைஞ்சிட்டுது. தம்பி ஆசைப்பட்டுக் கூட்டிக்கொண்டு போறார், வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?" தம்பி சொன்னது: "முதல் பாறையிலை. ஆனால் அத்தான் வாய் திறக்கேல்லை. நான் திருப்பினால் உங்களுக்கு வயசு போட்டுது எண்டு சொன்ன மாதிரியெல்லோ?" என்னுடைய பதில், பெரிய சப்பாத்துக்குள் குதிக்கால் உரிந்தபோது, ஏறத்தாழ பாதி வழியில், மூத்தவர் அத்தான் நடக்கும்போது நான் எப்படி நிற்பது என்று பேசாமல் இருந்தேன். உச்சிக்குப் போக விரும்பிய ஒருவரும் அந்தக் குழுவில் இருக்கவில்லை. மூவரும் மற்ற இருவருக்காக ஏறினோம்.

நோர்வே விதி பேசும் வெட்கம் திரும்புகிறவனுடைய வெட்கம். தன் பெருமைக்காக ஏறுகிறவனுக்கு அது நல்ல மருந்து. எங்களைத் தடுத்தது அந்த வெட்கம் அல்ல. திரும்பினால் மற்றவருக்கு வரக்கூடிய வெட்கத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கவலை. விருந்தாளி மறுத்தால் விருந்து கொடுப்பவருக்குக் குறை. விருந்து கொடுப்பவர் நிறுத்தினால் விருந்தாளிக்குக் குறை. இரண்டாம் முறை சோறு போட வரும்போது இலையின் மேல் கையை வைத்து மறைத்தாலும் போடத்தான் செய்வார்கள், சாப்பிடத்தான் செய்வோம். அந்தப் பழக்கத்தில் அன்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஐஸ் மூடிய பாறையில் அது அபாயம் என்பதையே சொல்கிறேன்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. எங்கள் வீடுகளில் முடிவு மூத்தவருடையது. ஊரில் அது பொருந்துகிறது, ஏனெனில் எந்தக் கிணறு கோடையில் உவரும், எந்த மழையை நம்பி விதைக்கலாம் என்பதும் மூத்தவருக்கே தெரியும். அறிவும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. வெத்தாகொல்லனில் அவை இரண்டும் எதிரெதிர் முனைகளில் நின்றன. வெண்பனியைப் பற்றி ஒன்றுமே அறியாதவர் மூத்தவர். அந்த விதிகளைப் பள்ளிக்கூடத்தில் படித்து, முட்கள் பூட்டிய சப்பாத்தோடு, பையில் சொக்கிலேற்றோடு வந்தவள் எல்லோரிலும் இளையவள்.

பிறகு

அத்தானுடைய மணிக்கட்டு ஆறு வாரத்தில் பொருந்தியது. அவருடைய கடிகாரம் இப்போது போன இடத்து நேரத்துக்கு மாற்றப்படுகிறது. நேர வித்தியாசத்தில் குளிசையை எப்படி எடுப்பது என்பதைப் பயணத்துக்கு முன் தன் வைத்தியரிடம் எழுதி வாங்குகிறார். ஒழுங்கையில் எவராவது வெளிநாடு போவதாகச் சொன்னால் நான் குளிசைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறேன், கற்கண்டோ குளுக்கோசோ மேலங்கிப் பையில் வைக்கச் சொல்கிறேன். சிலர் என்னைக் கொஞ்சம் கரைச்சல் பிடித்தவன் என்று நினைப்பதை அறிவேன். தம்பி வீட்டு வாசலில் இப்போது நான்கு சோடி புரொட்டர் தொங்குகின்றன.

இந்த ஆய்வின் முதல் வரைவை எழுதி முடித்தபோது அதைப் பெறாமகளுக்கு அனுப்பினேன், நேரங்கள் சரியா என்று பார்க்கும்படி. அவளுடைய தமிழ் வாசிப்பு மெதுவானது. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. நேரங்கள் சரி, ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது என்றாள். ஏறும் வழியில் அவள் தகப்பனிடம் திரும்புவோம் என்று கேட்டிருக்கிறாள். "பெரியாக்கள் கதைச்சுக்கொண்டு வருகினம், நீ பேசாமல் வா" என்று அவன் சொல்லியிருக்கிறான். தம்பிக்கு அது நினைவில்லை, அத்தானுக்கும் இல்லை, இரண்டடி பின்னால் நடந்த எனக்கும் இல்லை. விறாந்தையில் மூன்று மணி நேரம் பேசியபோதும் அது எங்களில் எவருடைய வாயிலும் வரவில்லை. அவள் அப்போதே தன் சிநேகிதிக்கு நோர்வே மொழியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், அதன் படத்தை எனக்கு அனுப்பி, கீழே தமிழில் எழுதியிருந்தாள்: "மாமா ஒரு மாதிரி நடக்கிறார். சொன்னால் ஒருத்தரும் கேக்கினமில்லை." நேரம் 14:07. உச்சிக்கு அப்போது இன்னும் பதின்மூன்று நிமிடம் இருந்தது. மேலே அந்த நேரத்துக்கு விட்டிருந்த இடம் இதற்காகத்தான்.